சேஜ் க்ரீக் பேரவையும் ஆர்லியின் கட்டிலும்

ஆறு பேராக இருந்தவரை வெர்லாவின் சமையலறையே போதுமானதாக இருந்தது. மேசையைச் சுற்றி நாலு நாற்காலி, ஓரமாக ஒரு முக்காலி. லோவெல் ட்ராஸ்க் மட்டும் நின்றுகொண்டே பேசுவார். பன்னிரண்டு பேரானதும் கூடத்துக்கு மாறினார்கள். நோய்க்காலத்தில் ஊரே கதவடைத்துக் கிடந்த வருஷத்தில் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. இப்போது பெயர் கொடுத்தவர்கள் இருநூற்றுப் பதினாலு பேர். பெரிய கூட்டங்களைச் சந்தை மைதானத்துக் கொட்டகையில் வைத்துக்கொண்டார்கள். வாரக் கூட்டம், குழுக் கூட்டம், அவசரக் கூட்டம், அவசரக் கூட்டம் அவசியமா என்று பேசும் கூட்டம் எல்லாம் வெர்லா வீட்டில்தான். பதிவேடுகள் இருக்கும் இடமே பேரவையின் இருக்கை என்று ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்தத் தீர்மானத்தை எழுதியதும் வெர்லாதான். அவள்தான் பதிவாளர்.

சேஜ் க்ரீக் மாவட்டப் பொதுச்சட்டப் பேரவை. இப்போது இருக்கும் அரசாங்கம் அரசாங்கமே இல்லை, அது ஒரு கம்பெனி. உண்மையான சட்டம் மண்ணில் பிறந்த மக்களிடம் இருக்கிறது. மக்கள் கூடி உட்கார்ந்தால் அதுவே நீதிமன்றம். இதுதான் சங்கதி. இதற்குத் தனியாக முத்திரை உண்டு, அடையாள அட்டை உண்டு, ஊர்க் காவலுக்கு ஒரு ஷெரீப்பும் உண்டு. அந்த ஷெரீப் பகலில் டிராக்டர் டயருக்கு ஒட்டுப் போடுபவர்.

சிரிக்கத்தான் தோன்றும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அங்கே வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கவுன்ட்டரில் நின்று நின்று கால் வீங்கியவர்கள். பெர்னிஸின் புருஷன் ஆஸ்பத்திரியில் செத்தபோது அவளைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். கென்னிக்கு வாய்க்கால் தண்ணீரை ஒரே கடிதத்தில் நிறுத்தினார்கள். வெர்லாவின் கதை இன்னும் சின்னது. அம்மா செத்த பிறகு தம்பி ஆர்லிக்கு அவளைக் காப்பாளராக நீதிமன்றம் நியமித்தது. வருஷத்துக்கு ஒருமுறை படிவம் நிரப்பித் தர வேண்டும். முதல் வருஷம் அதை மூன்று முறை திருப்பிக் கொடுத்தார்கள். ஒருமுறை நீல மையில் எழுதியதற்காக. மூன்றாம் முறை அவள் நீதிமன்றப் படியில் உட்கார்ந்து அழுதபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டவர் லோவெல் ஒருவர்தான். கிணறு தோண்டும் இயந்திரம் விற்று ஓய்வு பெற்றவர். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மணி நேரம் கேட்டார். அப்படிக் கேட்க அந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்?

ஆர்லிக்கு நாற்பத்தாறு வயது, பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். பாத்திரம் கழுவப் பிடிக்கும், டிவியில் காளைச் சவாரிப் போட்டி பிடிக்கும், ஒன்பது மணிக்குப் படுத்துவிடப் பிடிக்கும். கூட்டத்துக்கு வரும் எல்லாருடைய பெயரையும் மனப்பாடமாக வைத்திருந்தான். யாருக்கு எந்தக் கோப்பை என்பதும் தெரியும். அவர்களுக்கும் அவன்மேல் பிரியம்தான், அதில் பொய்யில்லை.

பதிவேடுகள் பெருகியபோது வைக்க இடம் இல்லை. முதலில் ஆர்லியின் அறையில் ஒரு மூலையில் இரண்டு பெட்டி வைத்தார்கள். பிறகு சுவரோரம். பிறகு கட்டிலுக்கு அடியில். கடைசியில் கட்டிலுக்கு மேல். நாற்பத்தோரு பெட்டி. ஆர்லி கூடத்துச் சோபாவுக்கு வந்தான். கூட்டம் நடப்பதும் அதே கூடத்தில்தான். பத்து மணிக்கு எல்லாரும் எழுந்து போனபிறகுதான் அவனுக்குப் படுக்கை. அதுவரை சோபாவின் ஓரத்தில் பைஜாமாவோடு, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இது நாலு நாளைக்குத்தான் என்று வெர்லா சொன்னாள். சொல்லி இரண்டு வருஷம் ஆயிற்று.

பெட்டிகளில் என்ன இருந்தது? பெரும்பாலும் திருப்பி அனுப்பிய கடித உறைகளின் நகல். அரசாங்கக் கடிதத்தில் பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சாகி வரும். அது நீ இல்லை, உன் பெயரில் அவர்கள் செய்து வைத்திருக்கும் பொம்மை என்பது பேரவையின் பாடம். உயிருள்ள மனிதனின் பெயரைச் சின்ன எழுத்தில், நடுவே ஒரு சிறு கோடு போட்டு எழுத வேண்டும். நம் எழுத்தில் பெரியது சின்னது என்ற தொந்தரவு இல்லாததால் இந்த வித்தையை இங்கே எழுதிக் காட்ட எனக்கு வழியில்லை, நம்பிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் வந்த கடிதத்தைப் பிரிக்கவே கூடாது. உறையின் குறுக்கே சிவப்பு மையில் ‘ஏற்க மறுக்கிறேன்’ என்று எழுதி, பக்கத்தில் கட்டைவிரல் ரேகை வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

“எடுத்துட்டு வர்றதும் நான், எடுத்துட்டுப் போறதும் நான். நடுவுல நீ விரலை மட்டும் நனைக்கிற” என்பார் தபால்காரர்.

ஆர்லியைப் பற்றி நீதிமன்றம் அனுப்பிய படிவமும் பெரிய எழுத்தில்தான் வந்தது. வெர்லா பிரிக்காமல் திருப்பினாள். நினைவூட்டலையும் திருப்பினாள். காப்பாளர் பதவி காலாவதியாகிறது என்ற அறிவிப்பையும் அப்படியே. அதற்குப் பதிலாகப் பேரவையே கூடி, ‘உயிருள்ள மனிதன் ஆர்லிக்கு உயிருள்ள அக்காள் வெர்லாவே காப்பாளர்’ என்று பன்னிரண்டு சிவப்பு ரேகைகளோடு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தது. பார்க்க மிக அழகான பத்திரம்.

ஏப்ரலில் ஆர்லிக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. மயக்க மருந்து கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும், காப்பாளரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வெர்லா அழகான பத்திரத்தை நீட்டினாள். பல் மருத்துவரின் உதவியாளர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“இது என்னங்க, ரத்தமா?”

“மை.”

“நீதிமன்றக் கடுதாசி இருக்கா?”

“இதுதான் நீதிமன்றக் கடுதாசி.”

அந்த உதவியாளர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள். பதில் வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் ஆர்லி கன்னத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றான். குளிர்ந்த சுவர் வலிக்கு நன்றாக இருக்கிறது என்றான். ஐந்தாம் நாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வேனில் வந்து, உத்தரவைக் காட்டி, அவனை அழைத்துப் போனாள். பல்லைப் பிடுங்கி, ஊருக்குள் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டார்கள். அக்கா வேண்டுமானால் நீதிமன்றத்தில் வந்து கேட்கட்டும் என்றார்கள். தேதி தள்ளித் தள்ளி அக்டோபரில் வந்து நின்றது. இதற்கிடையில் மாதம் ஒருமுறை, மேற்பார்வையில், அரை மணி நேரம் பார்க்க அனுமதி.

இனி வெர்லாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தம்பி வீட்டுக்கு வர வேண்டும். பேரவைக்கோ வேண்டியது நிறைய இருந்தது.

*

விசாரணைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, வெர்லாவுக்குக் கிழங்குக் கிடங்கில் பத்து மணி நேர வேலை. அறுவடைக்காலம், பள்ளிக்கூடத்துக்கே லீவு. ஓடும் பட்டையில் வரும் உருளைக்கிழங்கில் கல்லையும் அழுகலையும் பொறுக்கிப் பொறுக்கி, கண்ணை மூடினாலும் கிழங்கு உருண்டது. வீட்டுக்கு வந்தபோது வாசலில் பதினெட்டு வண்டி நின்றது. அவளுக்கு வந்தது சோர்வு மட்டுமில்லை, எரிச்சலும்தான். என் வீட்டில் நான் செருப்பைக் கழற்ற ஒரு இடம் இல்லையா என்று தோன்றியது.

“வா வா, உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்” என்று பெர்னிஸ் ஒரு தட்டை நீட்டினாள். சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு.

“பெர்னிஸ், நான் காலைலேர்ந்து இதோட மூஞ்சியிலதான் முழிச்சிட்டிருக்கேன்.”

“பச்சையா பாத்திருப்பே. இது வெந்தது. தின்னு.”

தின்றாள். பதிவேட்டைத் திறந்தாள். தேதி எழுதினாள். பேரவையில் எல்லாரும் அண்ணன் தங்கச்சிதான். முதல் நாற்பது நிமிஷம், நீதிமன்றக் கொடியின் ஓரத்தில் தங்க ஜரிகை இருப்பதை வாய்மொழியாக ஆட்சேபிப்பதா, எழுத்தில் ஆட்சேபிப்பதா என்று அண்ணன்கள் அடித்துக்கொண்டார்கள். ஜரிகை வைத்தது கப்பல் கொடி, அதன்கீழ் நடப்பது கடல் நீதிமன்றம் என்பது அவர்கள் பாடம். அடுத்த அரை மணி, ஆட்சேபணையை எந்த நிற மையில் எழுதுவது என்று. ஊதாவா, நீலமா. வெர்லா பேனாவை நிறுத்தி ஒருமுறை மேலே பார்த்தாள். நீல மைக்காகத்தான் தான் இந்தப் பக்கமே வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. யாரிடம் சொல்ல? நீலம் என்று முடிவானதாகக் குறித்தாள்.

கடைசியில் லோவெல் எழுந்தார். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் அவர் பலம்.

“தங்கச்சி, நாளைக்கு மூணே விஷயம். நீதிமன்றத்துக் குறுக்குக் கட்டையைத் தாண்டி உள்ள போகாத. அந்தப் பக்கம் கடல் சட்டம். வெளியில நின்னே பேசு. பேர் கேட்டா, உயிருள்ள பெண்ணுன்னு சொல்லு. மூணாவது உனக்கே தெரியும்.”

மூணாவது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் மொழியில் புரிகிறது என்பதற்கான சொல் ‘அண்டர்ஸ்டாண்ட்’. அதை நடுவில் பிளந்தால் ‘கீழே’, ‘நில்’ என்று இரண்டு துண்டு கிடைக்கும். நீதிபதி புரிகிறதா என்று கேட்டால், எனக்குக் கீழே நிற்கச் சம்மதமா என்று கேட்கிறார். ஆமாம் என்றால் தீர்ந்தது. அதனால் பேரவைக்காரர்கள் அந்தச் சொல்லையே விட்டுவிட்டார்கள். “கேட்டுக்கிட்டேன்” என்பார்கள். வெர்லா கிடங்கிலும் அப்படியே சொல்லிப் பழகி, மேஸ்திரியிடம் “கேட்டா பத்தாதும்மா, செய்யணும்” என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் இப்போது.

“கேளு.”

“நான் பேசாம புரியுதுன்னு சொல்லிட்டு, அவனைக் கூட்டிட்டு வந்துட்டா என்ன?”

“போச்சு” என்றான் கென்னி.

லோவெல் கோபப்படவில்லை. “சொல்லலாம். யாரு உன் வாயைப் பொத்தப் போறா? ஆனா நீ பதிவாளர். நீயே கீழ நின்னுட்டா, இந்த இருநூத்திப் பதினாலு பேரும் எங்க போய் நிக்கிறது? போன மாசம் மட்டும் பத்தொம்பது பேர் புதுசா சேந்திருக்காங்க. எல்லாரும் ஆர்லி விஷயத்தைத்தான் பாத்துட்டிருக்காங்க.”

“நாப்பது பேரு வர்றோம்டி, அறுவடை நேரத்துல வேலையை விட்டுட்டு” என்றாள் பெர்னிஸ். “உன் தம்பி எங்க தம்பி இல்லையா?”

நீங்கள் யாரும் வர வேண்டாம் என்று சொல்ல வெர்லாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கையில் பெர்னிஸ் கொடுத்த தட்டு இருந்தது. ‘நாற்பது பேர் உடன் செல்வதாக ஒருமனதாக முடிவு’ என்று எழுதினாள். ஒருமனதில் அவள் மனதும் சேர்த்தி.

*

வெள்ளிக்கிழமை பத்து மணி. நாற்பது பேரும் சொன்னபடி வந்து பெஞ்சுகளை நிரப்பினார்கள். நடுவே மரக் குறுக்குக் கட்டை, அதில் இடுப்பளவுக்கு ஓர் ஆடும் கதவு. அதற்கு அந்தப் பக்கம் கப்பல் தளம் என்பது பேரவையின் பாடம். கடல் அங்கிருந்து ஐநூறு மைல்.

அந்தப் பக்கத்தில் ஆர்லி உட்கார்ந்திருந்தான். புதிதாக முடி வெட்டியிருந்தார்கள், நீல ஸ்வெட்டர். முகம் தெளிந்து, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. நன்றாகத் தூங்குகிறான்போல என்று வெர்லா நினைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள் ஏதோ குத்தியது.

நீதிபதி அர்ரியெட்டாவுக்குச் சளி. மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. கூட்டத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“வெர்லா ஹாக் யாரு?”

“உயிருள்ள பெண் வெர்லா, இங்க இருக்கேன் ஐயா.”

“உயிரோட இருக்கறது தெரியுது. உள்ள வாங்க.”

“நான் இங்கயே நின்னு பேசறேன்.”

“அம்மா,” என்றார் நீதிபதி, மூக்கைத் துடைத்தபடி. “இந்த வருஷம் இது எனக்குப் பதினேழாவது. ஜரிகை, கப்பல், பெரிய எழுத்து, எல்லாம் எனக்கு அத்துப்படி. மத்தியானத்துக்குள்ள இன்னும் ஒம்பது கேஸ் இருக்கு. உங்க தம்பி இந்தப் பக்கம் இருக்காரு. நீங்க அந்தப் பக்கமே நின்னீங்கன்னா நான் என்ன செய்ய?”

ஆர்லி தன் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இரண்டு தட்டுத் தட்டினான். சோபாவில் அவளுக்கு இடம் பிடித்து வைக்கும்போது தட்டுவது போலவே.

வெர்லா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவள் போய் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்காருகிறாள்.

நீதிபதி விஷயத்துக்கு வந்தார். இரண்டு வருஷம் படிவம் வரவில்லை, ஆறு கடிதம் திரும்பி வந்திருக்கிறது, பல் வலியோடு ஒரு மனிதரை நாலு நாள் வைத்திருக்கிறீர்கள். இதையெல்லாம் உரக்கச் சொல்லாமல் வாசித்துக்கொண்டே போனார். அது இன்னும் மோசமாக இருந்தது. பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

“காப்பாளரா திரும்பி வரணும்னா கடமை இருக்கு. வருஷா வருஷம் படிவம். வர்ற கடுதாசியைப் பிரிச்சுப் படிக்கணும். டாக்டர்கிட்ட இந்த நீதிமன்றத்துக் காகிதத்தைத்தான் காட்டணும். புரியுதா?”

“கேட்டுக்கிட்டேன் ஐயா.”

“கேட்டுக்கறது வேற. எங்க வீட்டு நாயும் கேட்டுக்கும். புரியுதான்னு கேக்கறேன்.”

பின்னால் நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவள் முதுகுக்குத் தெரிந்தது. லோவெலின் ஒரு மணி நேரமும் பெர்னிஸின் தட்டுகளும் அவள் கண்முன் வந்தன. நாலு வருஷமாக அவளை ஒரு மனுஷியாக மதித்துப் பேசியவர்கள் அவர்கள்தான். ஆனால் அவள் களைத்திருந்தாள். ஒரு சொல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க இனி அவளால் முடியாது.

“புரியுது” என்றாள். அண்டர்ஸ்டாண்ட். முழுசாக, உடைக்காமல்.

“ஐயோ” என்றாள் பெர்னிஸ், தேவாலயத்தில் சொல்வதுபோல.

முடிந்தது என்று வெர்லா நினைத்தாள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, இனி தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். ஓய்ந்துபோன உடம்பு முழுக்க ஒரு தளர்வு பரவியது. அழுகை வரும்போல இருந்தது.

“நல்லது” என்றார் நீதிபதி. “இப்ப ஆர்லி. உங்களைக் கேக்காம நான் எதுவும் எழுத மாட்டேன். அக்கா வீட்டுக்குப் போறீங்களா, இப்ப இருக்கற இடத்துலயே இருக்கீங்களா?”

ஆர்லி அக்காவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு திரும்பிப் பெஞ்சுகளைப் பார்த்தான். ஒவ்வொரு முகமாக, நிதானமாக.

“இவங்க வருவாங்களா?”

“யாரு?”

“பெர்னிஸ், கென்னி, லோவெல், டேல்னு ரெண்டு பேரு...” என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.

லோவெலுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். “ஆட்சேபிக்கிறேன். உயிருள்ள மனிதன் ஆர்லியோட தகுதி பற்றி எங்க பேரவை ஏற்கெனவே...”

ஆர்லி கையைத் தூக்கினான். “ஒழுங்குப் பிரச்னை!” என்றான் கணீரென்று.

இரண்டு வருஷம் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுக் கற்றது அது. பேரவையில் யாராவது அதைச் சொன்னால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பழக்கதோஷம், லோவெல் பொத்தென்று உட்கார்ந்தார். அரைகுறையாக எழுந்திருந்த மற்ற ஏழெட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். காவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு அத்தனை சீக்கிரம் நிறைவேறி யாரும் பார்த்ததில்லை.

“என் முறை” என்றான் ஆர்லி, அவர்களிடம் மரியாதையாக. பிறகு வெர்லாவிடம் திரும்பினான். “அக்கா. வீட்டுல கூட்டம் இருக்குமா?”

“இருக்காது ஆர்லி.”

“முன்னாடியும் சொன்ன.”

“ஆமா.”

“நாலு நாளுன்னு சொன்ன. என் கட்டில் மேல பெட்டி.”

“எடுத்துடறேன்.”

“அதுவும் சொன்ன.” அவன் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. கணக்குச் சரியாக வரவில்லையே என்பதுபோல யோசித்தான். நீதிபதியிடம் சொன்னான்: “அங்க ஒம்பது மணிக்கு லைட்டை அணைச்சிடுவாங்க. யாரும் வர மாட்டாங்க. எனக்கு அக்காவைப் பிடிக்கும். ஆனா நான் அங்கயே தூங்கறேன்.”

நீதிபதி கைக்குட்டையை எடுத்தார், மூக்கைத் துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வெர்லா தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவுன்ட்டர்க்காரி தன்னைத் திருப்பி அனுப்பியபோதுகூட இப்படி வலித்ததில்லை. கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. அவனை வீட்டைவிட்டு அனுப்பியது அவள்தான். பெட்டி பெட்டியாக, ஒவ்வொரு வியாழக்கிழமையும்.

உத்தரவு சுருக்கமாக இருந்தது. ஆர்லி இல்லத்திலேயே இருப்பார். சனிக்கிழமைகளில் பகலில் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போகலாம். தொண்ணூறு நாள் கழித்து மறுபடி ஆர்லியைக் கேட்பார்கள்.

“புரியுதா அம்மா?” என்றார் நீதிபதி. இந்த முறை மெதுவாகக் கேட்டார்.

“புரியுது ஐயா.” இந்த முறை யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.

*

வெளியே புல்தரையில் நாற்பது பேரும் வட்டமாக நின்றிருந்தார்கள். லோவெல் அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டிவிட்டார். பதிவாளர் தடைசெய்யப்பட்ட சொல்லைச் சொன்னது பற்றி. ஆனால் கூட்டத்தைப் பதிவு செய்யப் பதிவாளர் இல்லாமல் தொடங்க முடியாது என்று கென்னி ஒரு கேள்வியைக் கிளப்பியிருந்தான். அதனால் காத்திருந்தார்கள். பெர்னிஸ் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுத கண்ணோடு, வெர்லாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வா, சீக்கிரம் வா, எல்லாம் சரி பண்ணிக்கலாம் என்பதுபோல.

வெர்லா அவர்களைத் தாண்டி இல்லத்து வேனுக்கு நடந்தாள். ஆர்லி ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தான்.

“நாளைக்கு வர்றேன். பத்து மணிக்கு” என்றாள்.

“யாரு யாரு?”

“நான் மட்டும்.”

“நான் எண்ணிப் பாப்பேன்.”

“எண்ணிப் பாரு.”

அவன் தலையாட்டினான். பிறகு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் புல்தரையைப் பார்த்தான். லோவெலுக்குக் கை காட்டினான். லோவெலும் காட்டினார், பாவம்.

“அப்ப அவங்க எல்லாம்?” என்றான் ஆர்லி.

“அவங்க வீட்டுக்குப் போவாங்க.”

ஆர்லிக்கு நெற்றி சுருங்கியது. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போலக் கேட்டான்:

“எந்த வீட்டுக்கு?”

ஓட்டுநர் வந்து கதவை இழுத்தார். வேன் கிளம்பித் தெரு முனையில் திரும்பும்வரை வெர்லா அப்படியே நின்றாள். பிறகு புல்தரையைப் பார்த்துத் திரும்பி, நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி பதிலைச் சொன்னாள்.

“அவங்கவங்க வீட்டுக்கு.”